சம்பந்திக்கு ஒரு வரவேற்புரை

செக் நாட்டிலிருந்து மொன்றியலுக்கு வரும் சம்பந்தி வீட்டாரை அவர்களுடைய மொழியிலேயே வரவேற்பேன் என்று அருமைராசா ஒற்றைக்காலில் நின்றார். செயின்ட்-மிஷேல் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் ஒரு செக் பைபிளை வாங்கி, தமிழ் பைபிளுக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, பனிக்காலம் முழுக்க வசனம் வசனமாகப் படித்தார்.

கலியாண விருந்தில் எழுந்து பேசினார். வினைச்சொல்லெல்லாம் அந்தப் பைபிளில் இருந்தவை, எந்தக் காலத்திலோ வழக்கொழிந்தவை. "வாங்கோ, இருங்கோ" என்பதற்கு "எழுந்தருளி அமர்வீராக" என்றதுபோல. செக் மேசையில் சிரிப்புக் கிளம்பியது. மகன் ஜோன்சனுக்கு முகம் சுண்டிப்போனது. தகப்பனின் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"காணும் அப்பா, நிப்பாட்டுங்கோ, மானம் போகுது. இருங்கோ."

அருமைராசா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் வீடியோ அழைப்பில் ஜோன்சனின் மாமியார் சொன்னதை அவன் மனைவி யித்கா மொழிபெயர்த்தாள். மாமியாரின் தகப்பன் செபம் சொல்லும்போது அப்படித்தான் பேசுவாராம். அவர் செத்தபிறகு அந்தப் பேச்சைக் கலியாண விருந்தில்தான் மாமியார் மறுபடி கேட்டாராம். எல்லாரும் சந்தோஷத்தில்தான் சிரித்தார்களாம். மிச்சத்தையும் கேட்க ஆசையாம்.

ஜோன்சன் போனைத் தகப்பனிடம் நீட்டினான். "அப்பா, அண்டைக்கு விட்ட இடத்திலயிருந்து கதையுங்கோ."

"அதெல்லாம் மறந்து போச்சு, தம்பி" என்றார் அருமைராசா. அவர் மடியில் அந்தச் செக் பைபிள் விரிந்தபடி கிடந்தது.