முனியாண்டியின் முழங்கால்

அன்று சாயங்காலம் தோட்ட ஆபீஸ் வராந்தாவில் இருந்தவர்கள்: சுவரோரப் பெஞ்சில் சன்னாசிக் கங்காணி. படியில், ரப்பர்ப் பால்வாளியைக் காலருகே வைத்துக்கொண்டு, கருப்பம்மாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணில் சாய்ந்தபடி இளந்தொழிலாளி பத்துமலை. மேசைக்குப் பின்னால், கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி இளையதம்பியாகிய நான்.

துரை ஈப்போவில் இருந்தார். போன மார்கழி வெள்ளத்தில் முங்கிய, ஆட்கள் குடியிருக்கும் லயங்களை விட்டுவிட்டு, மேட்டில் புதிதாகக் கட்டித் தர ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார். தண்ணீர் எதுவரை வந்தது என்று அளவைக்காரர் கேட்டபோது தோட்டமே ஒரே குரலில், "முனியாண்டி முழங்கால்வரைக்கும்" என்றது. அவரும் தோட்டத்துக் காவல் சாமியான முனியாண்டி சிலையின் முழங்காலுக்கு மட்டம் பார்த்து, அதற்குச் சற்று மேலே புது வீடுகளுக்கு முளை அடித்துவிட்டுப் போனார். அந்த இடம் ஆட்களுக்குச் சம்மதம் என்று நான் எழுதி அனுப்பினால் துரை கட்டடக் குத்தகைக்காரனுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். மழைக்கு முன் கூரை ஏறிவிடும்.

"எழுதுங்க கிராணியாரே. பேசிப் பேசி வாயே வலிக்குது லா" என்றார் சன்னாசி.

எனக்கும் அலுத்துத்தான் இருந்தது. கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கங்கள் கழுவிவிடும் மணல் கிந்தா ஆற்றின் அடியை வருஷாவருஷம் உயர்த்துகிறது. கீழே தெலுக் ஆன்சன் பக்கம் கடல் ஏறி நின்றால் ஆற்றுக்கு இறங்க வழியில்லை. இதையெல்லாம் எத்தனையோ கடிதங்களில் எழுதியாகிவிட்டது. மறுபடியும் பேனாவை மையில் தொட்டு, சம்மதம் என்று எழுதத் தொடங்கினேன்.

"எந்த முழங்கால், ஐயா?" என்றாள் கருப்பம்மாள்.

"முனியாண்டிக்கு என்ன நாலு காலா அக்கா?" என்று சிரித்தான் பத்துமலை.

"சிரிடா. வெள்ளத்தப்ப சாமி எங்க நின்னுச்சு? மேல, ஆலமரத்தடியில. இப்ப எங்க நிக்குது?"

அவன் சிரிப்பு நின்றது. என் பேனாவும் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் ஆட்கள் கூடிப் பேசினார்கள்: சாமி லயத்தைப் பார்த்து நின்றதால்தான் ஆற்றைக் கவனிக்கவில்லை. சிலையை மாட்டுவண்டியில் ஏற்றி, கீழே கரைக்குக் கொண்டுபோய், ஆற்றைப் பார்க்க நிறுத்திப் பொங்கலும் வைத்தார்கள். அந்தப் பொங்கலை நானும் சாப்பிட்டேன். சாமி இடம் மாறியும் பேச்சில் முழங்கால் மாறவில்லை. அளவைக்காரர் அளந்தது கரையில் நிற்கும் சிலையை; இப்போது முளை நிற்கும் இடம் அன்று ஆள் முங்கும் தண்ணீரில் கிடந்த இடம்.

"இத எழுதினா அளவைக்காரன் மறுபடி அளக்கணும்பான். மழை வந்துடும். பழைய லயத்துலதான் கெடக்கணும் புள்ள" என்றார் சன்னாசி. "அந்த மாதிரி வெள்ளம் வருசா வருசமா வருது?"

"எம் மூத்தவள அந்தத் தண்ணிதான் கொண்டுபோச்சு, கங்காணி." அவள் குரலை உயர்த்தவில்லை. "மிச்சம் ரெண்டு இருக்கு. பழைய லயம்னா மழை இருட்டினதுமே தூக்கிக்கிட்டு ஓடிருவேன். மேட்டு வீடுன்னு சொல்லிட்டா நம்பித் தூங்கிருவேனே!"

சன்னாசி துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏன் முன்னமே சொல்லலன்னு துரை என்னையில்ல கேப்பாரு."

"உங்கட பேர் வராது" என்றேன். "சிலையை நகர்த்தினதை மட்டும் எழுதுறன்."

"எழுதுங்க. இந்த மழைக்கும் பழைய லயத்துக் கூரை மேல ஏறிக்கிறோம்" என்றார் சன்னாசி.

"எம் பொண்டாட்டி ஏறினா கூரை தாங்காது அண்ணே" என்றான் பத்துமலை. யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

புதுத் தாளெடுத்துத் துரைக்கு இங்கிலீஷில் எழுதினேன்: சிலையை ஆட்கள் கரைக்கு நகர்த்தினார்கள், பழைய இடம் ஆலமரத்தடி, முளைகள் இன்னும் மேலே போகவேண்டும், அதுவரை பழைய லயத்துக்கு ஒரு படகும் கயிறும் வேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "படகு குடுப்பாரா?" என்றாள் கருப்பம்மாள். தெரியாது என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

உறையை மடித்து, அரக்கை உருக்கி விட்டு முத்திரை வைத்தேன். அது இறுகும்வரை காத்திருந்து, பத்து காஜா ஸ்டேஷனில் ரயில் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பத்துமலையிடம் கொடுத்தேன்.