மழையை நிறுத்தியபோது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியின் கணினித் திரையை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் பிறந்த கதை இது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று மழைச் சத்தம், ஒன்று எதிரொலி, ஒன்று பாடுகிறவளின் குரல். பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்தால் சத்தம் அதன்வழி ஓடும். கம்பி இழுக்கச் சோம்பலா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போதும். கம்பியே இல்லாமல் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்டுவிடும்.

2

தொடக்கம்: கனவுக்குள் மீன்கள் நீந்துவதைப் போல அந்தப் பெட்டிகள்... சீ, வேண்டாம்.

இன்னொன்று: அக்கா அந்தப் பெட்டிகளை வைத்து இசையமைப்பாள், தங்கை பாடுவாள். போன நிகழ்ச்சியில் பாட்டு உச்சிக்கு ஏறியபோது தங்கையின் குரல் பட்டென்று நின்றது. நிறைந்த அரங்கில் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“வேணும்னே அறுத்துட்டே. எனக்குக் கைதட்டல் விழுந்தா உனக்கு வயித்தெரிச்சல்.”

அதோடு பேச்சு நின்றது. இது இருக்கட்டும்.

(பெயர்களா? முதல் வரைவில் வைத்தேன். அதே பெயரில் என் பழைய கதை ஒன்றில் ஒருத்தி இருந்தாள். அவள் அழுகை இங்கே ஒழுகத் தொடங்கியது. அழித்துவிட்டேன்.)

3

இன்று மாலை மறுபடி நிகழ்ச்சி. ஒப்புக்கொண்ட பாவத்துக்குத் தங்கை வந்திருக்கிறாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

காலி அரங்கு. திரைச்சீலை வழியே மதிய வெளிச்சம் கசிகிறது. அக்காவுக்குப் பாதித் தூக்கம், பாதி விழிப்பு. பெட்டிகள் மிதக்கின்றன, கம்பிகள் மெல்ல அசைகின்றன. அப்போதுதான் கண்ணில் பட்டது. குரலை மூடும் பெட்டியை நகலெடுத்து மழையை மூடவும் வைத்திருக்கிறாள், பெயரை மாற்றாமலே! அன்று மழையை நிறுத்தத்தான் தட்டினாள். மழையோடு தங்கையும் நின்றுபோனாள்.

அடிப்பாவி, நான்தானா!

4

“வேணும்னு செய்யலடி. பேரை மாத்த மறந்துட்டேன்.”

“சும்மா கதை விடாதே.”

(என்னைச் சொல்கிறாளோ என்று ஒரு நொடி பதறிப்போனேன்.)

முடிவு ஒன்று: கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்தச் சினிமாவை நான் எடுக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: தங்கை கிளம்பிவிட, அக்கா தனியாக மழையை... இல்லை, மனசு கேட்கவில்லை.

நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அக்கா வேலையைத் தொடங்கிவிட்டாள். மழையை மூடும் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தாள். குரலை மூடும் பெட்டியைத் தன் மேசைப் பொத்தானிலிருந்து கழற்றி, கம்பியைத் திரையின் குறுக்கே இழுத்து, மேடையில் மைக்கின் கீழே இருந்த, காலால் மிதிக்கும் சுவிட்சுக்குக் கொடுத்தாள்.

“இனிமே உன் குரலை மூடணும்னா நீயே மூடிக்க. என் கை எட்டாது.”

“நான் தப்பாப் பாடினா?”

“எல்லாரும் கேக்கட்டும். நானும் கேக்கறேன்.”

தங்கை மேடை ஏறினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மைக்கின் முன்னே போய் நின்றாள்.

5

அரங்கு நிறைந்துவிட்டது. மழை பெய்கிறது. பாட்டு அதே உச்சிக்கு ஏறுகிறது. மழையை நிறுத்த வேண்டிய இடம். அக்காவின் விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது, என் பேனாவும்தான். அவள் தட்டிவிட்டாள்.

இங்கே நான் முற்றுப்புள்ளி வைத்தால் தங்கையை இரண்டாம் தடவை அறுத்த மாதிரி ஆகிவிடும். மாட்டேன். கம்பியை உங்கள் பக்கம் இழுத்துவிட்டேன், இனி என் கையும் எட்டாது. காதைக் கொடுங்கள். மழை நின்றுவிட்டது, அவள் இன்னும்