சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

சாவியைத் திருப்பினாள். வெளியே உருவியும் விட்டாள். என்ஜின் நிற்கவில்லை.

ஏஞ்சல் உள்ளங்கையில் கிடந்த சாவியைப் பார்த்தாள். டேஷ்போர்டைப் பார்த்தாள். விளக்கெல்லாம் அணைந்துவிட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரில் அவள் கால் இல்லை. ஆனாலும் பானெட்டுக்குள் இருந்த அந்தப் பழைய டீசல் என்ஜின், யாரோ மிதித்து ஏற்றுகிற மாதிரி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வெண்புகை கிளம்பிக் காமாட்சியம்மன் கோயில் பக்கத்துக் கடைகளை மறைத்தது.

"இன்னாமா, நிறுத்திட்ட இல்ல?" பின்சீட்டிலிருந்து மணிவண்ணன் கத்தினார்.

"நிறுத்திட்டேன்ணா. அது நிக்க மாட்டேங்குது!"

மணிவண்ணன் தறி போட்டிருப்பவர். தென்னேரியில் ஒரு தறிக்காரரிடமிருந்து டிசைன் அட்டைக் கட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். சேலையில் மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று தறிக்குச் சொல்லும் துளை போட்ட அட்டைகள். "ஒரு முழம் பூ வாங்கிக்கினு வந்துடறேன், ஓரமா நிறுத்துமா" என்று அவர் சொன்னதால்தான் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கினாள். ஒதுக்கிய இடத்தில் இந்தக் கூத்து.

"இறங்குங்கண்ணா! தூரப் போங்க!"

அவர் அட்டைக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். ஏஞ்சல் இறங்கவில்லை.

எப்படி இறங்குவாள்? நாலு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்ததெல்லாம் இந்த பானெட்டுக்குள் இருக்கிறது. வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. என்ஜின் இப்படியே அலறி உள்ளுக்குள் இறுகிவிட்டால், திங்கட்கிழமை காலை மறுபடியும் கம்பெனி பஸ். "பொம்பளைக்கு எதுக்கு டாக்சி?" என்று கேட்ட அண்ணன் எதிரில், அந்த அடையாள அட்டையை மறுபடியும் கழுத்தில் மாட்ட வேண்டும்.

கூட்டம் கூடிவிட்டது.

"பேட்டரி ஒயரைப் புடுங்குமா!" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"தண்ணி ஊத்து!" என்றது இன்னொரு குரல்.

"எலுமிச்சம்பழம் கட்டலியா?" என்றது மூன்றாவது குரல்.

ஏஞ்சல் போனை ஸ்பீக்கரில் போட்டாள். மெக்கானிக் ஆசாத் எடுத்தார். அவள் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அலறல் அவருக்கே கேட்டது.

"யா அல்லா! ஏஞ்சல்மா, சாவி எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் பாய்!"

"என்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போ போயிடுச்சு. அது இப்ப டீசலே குடிக்கல. என்ஜின் ஆயிலைத் தானே உறிஞ்சிக் குடிக்குது. பேட்டரியப் புடுங்கினாலும் நிக்காது. நல்லா கேளு. கிளட்ச மிதி. நாலாவது கியர் போடு. பிரேக்க ரெண்டு ஆள் பலத்துல அமுக்கு. அமுக்கிக்கினே கிளட்ச விட்டுடு. அடைச்சிக்கினு நின்னுடும். முன்னால யாரும் நிக்கக் கூடாது. நான் பைக்க எடுத்துக்கினு வரேன்."

"முன்னாடி யாரும் நிக்காதீங்கப்பா!" என்று மணிவண்ணன் கைகளை விரித்துக் கூட்டத்தைத் தள்ளினார்.

கிளட்ச். நாலாவது கியர். பிரேக். விட்டாள்.

வண்டி ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான். கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. என்ஜின் கொஞ்சமும் அசரவில்லை.

"நிக்கல பாய்! கிளட்ச் வழுக்குது!"

கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது, அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்று ஆசாத் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

போனில் பைக் சத்தத்துக்கு மேல் ஆசாத் கத்தினார்.

"அப்ப ஒரே வழிதான். மூச்சை அடைக்கணும். பானெட்டத் தொற. ஏர் ஃபில்டர்லேர்ந்து ஒரு கறுப்புக் குழாய் போகுது பாரு, அதை உருவு. அந்த வாயில தட்டையா எதையாவது வெச்சி அழுத்து. கையை மட்டும் வெச்சிடாத!"

பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். குழாய் கழன்றது. காபி டம்ளர் அகலத்துக்கு ஒரு வாய், உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் தோளிலிருந்த துண்டை நீட்டினார்.

"துணி வேணாம்!" போன் அலறியது. "முழுங்கிப்புடும்!"

"இந்தா, இதை வைமா!" என்று மணிவண்ணன் டிசைன் அட்டையில் நாலைந்தைச் சேர்த்து அவரே குழாய் வாயில் வைத்து அழுத்தினார். நூறு விசில் ஒன்றாக ஊதிய மாதிரி சத்தம் வந்தது. என்ஜின் சுகமாக மூச்சுவிட்டது.

மணிவண்ணன் அட்டையைப் பார்த்தார். "அட என் புத்தியே! பூரா ஓட்டைமா இது!"

அந்த நிலையிலும் ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

ஏஞ்சல் சுற்றிலும் பார்த்தாள். ஸ்டாண்டில் வரிசையாகச் செருப்புகள். பாய்ந்து, தடித்த ரப்பர் அடி உள்ள ஒன்றை எடுத்தாள்.

"ஏய், டோக்கன் போட்ட செருப்புமா அது!" ஸ்டாண்டுக்கார மரியம்மாள் எழுந்து ஓடிவந்தாள். "ஆளு உள்ள சாமி கும்புட்டுக்கினு இருக்கான்!"

ஏஞ்சல் செருப்பின் அடிப்பக்கத்தைக் குழாய் வாயில் வைத்தாள். செருப்பு சடக்கென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அழுத்தினாள். என்ஜின் உறுமியது, இருமியது, வண்டி முழுக்க நடுங்கியது. பிறகு ஒரு பெரிய விக்கலோடு நின்றது.

அப்போதுதான் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

ஆசாத் வந்து சேர்ந்தபோது ஏஞ்சல் பம்பரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார்.

"இவ்ளோ குடிச்சும் அளவுக்கு மேல நிக்குது. காலைல ஆயில் ஊத்தினியா?"

"நாலு நாளைக்கு ஒருதரம் இறங்கிடுது பாய். கீழ ஒரு சொட்டு ஒழுகல. அதான் தென்னேரி போறோமேன்னு ஊத்தினேன். மேல கொஞ்சம் சேத்தே ஊத்தினேன்."

"கொசுறா?" ஆசாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கீரைக்காரிகிட்ட கொசுறு கேக்கலாம்மா. என்ஜினுக்குக் கொசுறு போட்டா இப்படித்தான் ஆடும்." அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "பாதி ஊரு இதைத்தான் பண்ணுது. டர்போவுல எண்ணெயைத் தடுக்குற சீல் நீ வாங்கறதுக்கு முன்னயே தேஞ்சிருக்குது. ஒழுகாம எண்ணெய் குறையுதுன்னப்பவே எங்கிட்ட ஓட்டிக்கினு வந்திருக்கணும். சரி, அது கிடக்கட்டும்."

"என்ஜின் போயிடுச்சா பாய்?"

அவர் ஜாக்கி போட்டு, வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, என்ஜின் ஓரத்தில் பெல்ட் சுற்றியிருந்த சக்கரத்தின் நடு போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை மாட்டினார்.

"கையால சுத்திப் பாக்கலாம். திரும்பினா உசுரு இருக்குது."

ஏஞ்சல் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எவ என் செருப்பத் தூக்கினவ?"

கூட்டம் விலகியது. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி குமரன் என்ற ஆள் வந்து நின்றான். நெற்றி நிறையக் குங்குமம், கண் நிறையக் கோபம். மரியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஏஞ்சலைக் காட்டினாள். "பொழப்பே போவுது அந்தப் பொண்ணுக்கு, நீ செருப்புக்கு அலையிற."

அவன் ஏஞ்சலைப் பார்த்தான். கழற்றிப்போட்ட சக்கரத்தைப் பார்த்தான். செருப்பு கையிலேயே இருந்தது. வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்தான்.

"திரும்புமா பாய்?"

ஆசாத் அழுத்தினார். அசையவில்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி அழுத்தினார். அசையவில்லை. ஏஞ்சல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீயும் புடிமா. ஐயா, நீங்களும்."

மணிவண்ணனும் வந்து பிடித்தார். மூன்று ஜோடிக் கைகள் ஒரே கைப்பிடியில். உள்ளே எங்கோ 'டுக்' என்றது. கைப்பிடி விரற்கடை இறங்கியது. பின் அரைச் சாண். பின் வழவழவென்று, தடையில்லாமல், முழுச் சுற்று.

"இருக்குது!" குமரன்தான் முதலில் கத்தினான்.

ஏஞ்சல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"டர்போ மாத்தணும், குழாயெல்லாம் கழுவணும், கிளட்ச் தட்டு இனிமே தள்ளிப்போட முடியாது," என்றார் ஆசாத், சக்கரத்தை மாட்டியபடி. "பதினஞ்சு நாள் வண்டி என் ஷெட்டுல கிடக்கும். ஆனா ஓடும்."

ஒரு லோடு ஆட்டோ பிடித்துக் கயிறு கட்டினார்கள். "என்ஜின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும். பலமா மிதி," என்று சொல்லிவிட்டு ஆசாத் பைக்கில் முன்னால் போனார்.

ஏஞ்சல் சாவியைப் போட்டு ஸ்டியரிங்கை விடுவித்தாள். பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மணிவண்ணன் அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஆட்டோல போயிடுங்க. இது கட்டி இழுக்குற வண்டி."

"ஷெட்டு எங்க தெருவத் தாண்டித்தானே?"

"ஆமா."

"அப்ப நான் ஏன் இறங்கணும்? என் வீட்டுல எறக்கிவிட்டுப் போ."

முன்னால் கயிறு இறுகியது. ஏஞ்சல் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஹாரனை அழுத்தினாள். வழி விட்டார்கள்.