ஃபின்டனின் காதில் சொன்ன பெயர்

தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தில் ஃபின்டன் டெவேன் ஓட்டியது இரண்டே பருவம். ஜெயித்தது மூன்றே முறை. அதற்கே பையன் தரையில் நிற்கவில்லை.

அன்று பாலிகேரன் மைதானத்தில், இரண்டாவது பந்தயத்தில் தலைகுப்புற விழுந்தான். விழுந்தவனிடம் டாக்டர் வந்து, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, முந்தைய பந்தயத்தில் ஜெயித்த குதிரை எது என்று கேட்பார். சரியாகச் சொன்னால்தான் மறுபடி ஏற விடுவார். அவர் வருவதற்குள் யாராவது காதில் பெயரை ஓதிவிடுவது குதிரை ஓட்டுபவர்கள் உடைமாற்றும் அறையின் வழக்கம். சேணமும் சட்டையும் பார்த்துக்கொள்ளும் மாலக்கி டூஹி அதைப் பல வருடமாகச் செய்துவந்தார். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

நான்காவது பந்தயத்தில் ஃபின்டனுக்குக் கிரே லின்னெட் என்ற குதிரை காத்திருந்தது. நன்றாக ஓட்டினால் தன் லாயத்துக் குதிரை எல்லாவற்றுக்கும் இனி அவன்தான் என்று அதன் சொந்தக்காரி குசாக் அம்மாள் சொல்லியிருந்தார்.

"டேய், உன் மண்டைக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே!" என்று கூட்டாளி ஒருவன் சீண்டினான்.

ஃபின்டன் சிரித்தான். பிறகு மாலக்கியைப் பார்த்து, "எங்கம்மா வந்துருச்சா அண்ணே?" என்றான்.

அவளைப் புதைத்து ஒரு வருடமாகியிருந்தது. சவப்பெட்டிக்கு மாலக்கியும் தோள் கொடுத்திருந்தார். டாக்டரிடம் சொல்லலாம். ஆனால் காட்டிக்கொடுத்தவனை அந்த அறை சேர்த்துக்கொள்ளாது. அவர் குனிந்து, ஜெயித்த குதிரைக்குப் பதிலாக, அந்தப் பந்தயத்தில் கடைசியாக வந்த குதிரையின் பெயரைச் சொன்னார்.

டாக்டர் கேட்டதும் ஃபின்டன் அதைக் கம்பீரமாக ஒப்பித்தான்.

"ஒரு மாசத்துக்குக் குதிரைப் பக்கமே போகக் கூடாது, தம்பி" என்றார் அவர்.

கிரே லின்னெட் வேறொருவனைச் சுமந்து ஜெயித்தது. குசாக் அம்மாள் அவனையே வைத்துக்கொண்டார். தலையில் அடிபட்டவன் என்ற பேச்சு பரவி, ஃபின்டனை யாரும் கூப்பிடவில்லை. இலையுதிர்காலத்தில் லிவர்பூலுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டான். கப்பலேறுமுன் மாலக்கியிடம் வந்தான்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க அண்ணே. நான்தான் போட்டுக் குழப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றான்.

அன்று ஏறியிருந்தால் செத்திருப்பானா, பெரிய ஆளாகியிருப்பானா என்பது மாலக்கிக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். வெட்கம் விடவில்லை.

"அதனால என்னடா, பரவாயில்ல" என்று அவனை மன்னித்து அனுப்பினார்.