டிக்கெட்டம்மாவின் கட்டில்

நகம் வெட்டிவிடும்போது என் மகள் நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டதே. பதினாறு வருடமாக ஒரே வீட்டில்தானே இருக்கிறோம். அந்த அம்மாவின் விரல்களை என்ன பதமாகப் பிடித்திருக்கிறாள் பார். எனக்குத் தலைவலி, தைலத்தை எடுத்துத் தா என்றால், புட்டியைக் கட்டிலில் உருட்டிவிட்டுப் போகிற கை இது.

துவைத்த போர்வைகளை மார்போடு அணைத்தபடி டீச்சர் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். சர்ச்சில் வாலிபர் வகுப்பு எடுப்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். மற்ற நாட்களில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறினதே தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகளை இங்கே கூட்டிவரும் யோசனை அவளுடையதுதான். இரக்கத்தை வகுப்பில் உட்கார்ந்து படித்தால் அது வாயோடு நின்றுவிடும், கைக்கு வரவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் பேசினாள். முகம் சுளித்த பெற்றோரை வீடு வீடாகப் போய்ச் சரிக்கட்டினாள். யாருமற்ற பெண்களுக்கான இல்லம் இது. முன்பு ஏதோ கிடங்காக இருந்த நீளமான கூடம், இரும்புக் கட்டில்கள், பினாயில் வாடை. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் இங்கே சாப்பாடு ஊட்டினார்கள், தலை வாரினார்கள், எழுந்திருக்க முடியாதவர்களின் மலஜலப் பெட்பேன் கழுவினார்கள். அந்தப் பெண்கள் பார்க்கும்படி நம் கையைக் கழுவக் கூடாது, வெளியே வந்துதான் கழுவ வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாராவாரம் கட்டில் மாறவேண்டும் என்பதும் அவள் வைத்த விதி. பிடித்தவரை மட்டும் கவனிப்பதற்குப் பெயர் இரக்கம் இல்லை என்பாள்.

அவளுடைய மகளோ எந்தச் சனிக்கிழமை பார்த்தாலும் டிக்கெட்டம்மாவின் கட்டிலில்தான் இருந்தாள்.

டிக்கெட்டம்மா ஒரு சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவள். முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. வாய் மட்டும் மடங்கவில்லை.

"ஏய், விரலையும் சேத்து வெட்டிடாதடி. இருக்கிறதே கொஞ்சம்தான்."

"நீங்க ஆடாம இருங்க ஆன்ட்டி. தியேட்டர்லயும் இப்படித்தான் ஆடுனீங்களா?"

"அங்க நான் ஆடுனா அப்புறம் படத்தை எவன் பாப்பான்? சரி, கதைக்கு வா. அப்புறம் என்ன ஆச்சு?"

மகள் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"அடிப்பாவி!" என்றாள் டிக்கெட்டம்மா. இருவரும் சிரித்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை டீச்சர் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. வீட்டில் மூடிய கதவும், அதன் அடியில் தெரிகிற வெளிச்சமும்தான்.

டீச்சர் கட்டிலருகே வந்ததும், யாரோ டிவியை அணைத்ததுபோல் சிரிப்பு நின்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. போர்வை."

பின்பக்கம் குழாயடியில் நெட்டை நின்றுகொண்டிருந்தான். வகுப்பிலேயே உயரமான பையன். கை காலி.

"டிக்கெட்டம்மா கட்டில் இன்னைக்கு உன் முறைதானடா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மாத்திக்கிட்டோம் டீச்சர்."

"எதை?"

"என் பங்கு பெட்பேனெல்லாம் அவ கழுவிடுறா. நான் என் முறையை அவளுக்குக் குடுத்துடுறேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான். நாங்க கேக்கல டீச்சர், சத்தியமா. அவளாத்தான் வந்தா."

சாப்பிட்ட தட்டைத் தொட்டிவரை கொண்டுபோகாதவள். வாராவாரம் எல்லோருடைய பெட்பேனையும் கழுவி அந்தக் கட்டிலை வாங்கியிருக்கிறாள்! ஒரு தாய் பெருமைப்பட வேண்டிய இடம் இது என்று டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. பெருமை வரவில்லை. என்னோடு ஒரு மணி நேரம் உட்கார இவள் எதையாவது கழுவியிருக்கிறாளா?

அன்று புறப்படும்முன் வழக்கம்போல் ஜெபித்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவள், டிக்கெட்டம்மாவின் பெயரைத் தாண்டிப் போய்விட்டாள். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில், டீச்சர் கைப்பையில் நகவெட்டியோடு தனியாக இல்லத்துக்குப் போனாள். அந்தக் கட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

"சனிக்கிழமைதானே வெட்டுனா? அதுக்குள்ள வளந்துடுச்சா?" என்று டிக்கெட்டம்மா சிரித்தாள். ஆனாலும் கையை நீட்டினாள்.

மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஓரங்களை மட்டும் சீராக்கினாள் டீச்சர். அவளுக்கா கை பிடிக்கத் தெரியாது? வலிக்காமல் செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்ல கை டீச்சர். துளி வலி இல்ல. ஆனா படக்குன்னு முடிஞ்சுபோச்சு. உங்க பொண்ணு விரலுக்கு ஒரு கதை சொல்லுவா."

"என்ன கதை?"

கேட்ட வேகம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. டிக்கெட்டம்மா அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"முப்பது வருசம் வாசல்ல நின்னவ நான். படத்தோட முடிவை வெளியில சொன்னதே கிடையாது. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல, அது மட்டும் சொல்லிடுறேன். மீதியை உங்ககிட்ட சொன்னேன்னா, அவ அப்புறம் என்கிட்டயும் சொல்ல மாட்டா. யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சுக்குவா. அது நல்லதா?"

டீச்சர் நகவெட்டியை மடக்கினாள், திறந்தாள், மறுபடி மடக்கினாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

"அதுக்கென்ன, தாராளமா திட்டுவா. ஒரு நாள் நீங்க வேலை செய்யிற இடத்துக்கு வந்தாளாமே? கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தாளாம். யாரோ ஒரு பொம்பளை ஊசியைப் பாத்து அழுதுதாம். நீங்க அந்தக் கையைத் தடவிக்கிட்டே பேசுனீங்களாம், அவ்ளோ நேரம். 'எங்கம்மா கையெல்லாம் ஊர்க்காரங்களுக்குத்தான் ஆன்ட்டி'ன்னா."

டீச்சருக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. அழுகிறவர்கள் தினமும் வருவார்கள். மகள் கண்ணாடிக்கு வெளியே நின்றதையோ, உள்ளே வராமல் திரும்பிப் போனதையோ அவள் பார்க்கவில்லை. நான் வாசலில் போர்வையோடு நின்றேனே, அப்படி நின்றிருப்பாளோ? பேருந்தில் வேலைக்குத் திரும்பும்போது வந்தது அழுகையா எரிச்சலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதையும் அந்தக் கட்டிலில் போய்த்தான் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த சனிக்கிழமை சபைப் போதகரின் மனைவி பாஸ்டரம்மா அவளை நடைபாதை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ரெண்டு மூணு பேர் வீட்டுலேர்ந்து போன் பண்ணிட்டாங்க. உங்க பொண்ணு ஒரே கட்டில்ல ஒட்டிக்கிட்டாளாம். மாறணும்னு சொன்னதே நீங்கதானே? அடுத்த வாரத்துலேர்ந்து அவளைச் சமையல்கட்டுல போடுங்களேன்."

டீச்சர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்காகவும்தான் சொல்றேன். பெத்தவ நீங்க இருக்கும்போது யாரோ ஒருத்தர்மேல இவ்ளோ பாசம் எதுக்கு? நாலு வாரம் தள்ளி வெச்சா தானா உங்க பக்கம் திரும்பிடுவா."

இதே வார்த்தைகளைத்தான் டீச்சர் ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பாஸ்டரம்மாவே அவற்றைக் கையில் கொடுக்கிறாள். தலையாட்டினால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கூடத்துக்குள் மகள் ஏதோ சொல்ல, டிக்கெட்டம்மா இருமிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சத்தம் போன வாரம் சுட்டதுபோலவே இப்போதும் சுட்டது. கொஞ்சமும் குறையவில்லை. யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சுக்குவா என்று டிக்கெட்டம்மா சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"அவளை மாத்த வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

"அப்ப விதி? கேக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்கிட்ட பேசச் சொல்லுங்க," என்றாள் டீச்சர், குரலை உயர்த்தாமல். "அவளை மட்டும் மாத்த மாட்டேன்."