மேஜர் தொடாத காபி

எங்கள் சந்து முனையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார் வாப்பா. எதிரே ஐ.நா. அமைதிப்படையின் வெள்ளை வண்டிகள் இரண்டு. நான் முற்றத்தில் புகையிலை இலையை ஊசியில் கோத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக இதே கூத்துதான்.

அமைதிப்படைக்காரர்கள் எல்லைக்கோட்டில் அடையாளத்துக்கு நட்டு வைத்திருக்கும் நீலப் பீப்பாயைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு எங்கள் சந்தை விட்டால் வழியில்லை. எங்கும் தடையின்றிப் போய்வரலாம் என்று அவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. "நம்ம லெபனான் ராணுவத்த கூட்டிட்டு வா, அப்புறம் சந்துக்குள்ள நுழை" என்பது வாப்பாவின் கட்சி. வண்டியில் கேமரா இருக்கிறதாம், வீட்டுப் பெண்கள் புகையிலை கோக்கிற இடமாம். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல்தான் பொறாமை. இருபத்தெட்டு வயதாகிறது, பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றால்கூடப் பத்துக் கேள்வி. எனக்கு யாரும் அப்படியொரு காகிதம் எழுதித் தரவில்லை.

பக்கத்து ஊரில்தான் வஜ்தி இருக்கிறான். அமைதிப்படை மேஜரின் மொழிபெயர்ப்பாளன். அன்றைக்கும் மேஜருக்கும் டிராக்டருக்கும் நடுவே நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் மூன்று வருஷப் பழக்கம், ஊருக்கே தெரியும். வாப்பாவுக்கும் தெரியும். "நீலத் தொப்பிக்காரன் வண்டில சுத்துறவனுக்கு என் பொண்ணா? அவங்க மூட்டை கட்டுன மறுநாள் இவன் ஈ ஓட்டுவான்" என்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஏதாவது பெரிய காரியம் கேட்டு வருகிறவர், கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால், என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டே ஆக வேண்டும். தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் விருந்தாளி குடிப்பார். குடிக்காமலே எழுந்து போய்விட்டால் வீட்டு மானம் கப்பலேறிவிடும். பெண் கேட்டு வருகிறவர்களின் பெரிய ஆயுதமே அதுதான். ஆனால் வாப்பா லேசுப்பட்டவரா? வஜ்தி வீட்டுப் பெரியவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் மல்பெரி சர்பத் கொடுத்தே அனுப்பிவிட்டார். சர்பத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. காபித்தூள் தீர்ந்துபோச்சு என்று கூசாமல் சொன்னார். பரணில் இரண்டு கிலோ இருந்தது.

அன்றைக்கு வெயில் உச்சிக்கு ஏறியது. மேஜர் அம்போன்சா கானா நாட்டுக்காரர், தலை நரைத்தவர், நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரமாக நின்றார். சுவர் மேல் உட்கார்ந்து வாப்பாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு ஆண்கள்கூட உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலுக்கு வந்த மனிதரை அபூ மெல்ஹெம் வெயிலில் காயவைத்தான் என்று நாளைக்கு ஊர் வாப்பாவைப் பேசும். வாப்பா இறங்கினார்.

"சண்டை சண்டையா இருக்கட்டும். உள்ள வந்து உட்காரச் சொல்லு."

"சரிங்க மாமா" என்றான் வஜ்தி.

"யாருடா உனக்கு மாமா?"

என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு கோப்பை. ஒன்று அவருக்கு, ஒன்று மேஜருக்கு. வஜ்திக்குக் கிடையாது. என்ன ஒரு ஜாக்கிரதை!

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். மேஜருக்கு வயிற்றுப்புண். காபி ஒரு வாய் உள்ளே போனாலும் துடித்துப்போவார் என்று வஜ்தி சொல்லியிருக்கிறான். சட்டைப்பையில் பால்போல ஒரு மருந்து பாட்டிலோடுதான் திரிவாராம். நல்ல பெண்ணாக இருந்தால் அவருக்கு வேறு ஏதாவது கொடுத்திருப்பேன். நான் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மூன்று கொதி விட்டு, கருகருவென்று காபி இறக்கினேன்.

வாப்பா முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, மேஜர் நன்றி சொல்லி வாங்கினார். மரியாதைக்கு முகர்ந்து பார்த்தார். அப்படியே முக்காலியின் மேல் வைத்துவிட்டார்.

சுவர் மேல் பேச்சு நின்றுவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை வாப்பா பாதியிலேயே இறக்கினார். நடந்தது இன்னதென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன வேணும்னு கேளுடா" என்றார் வஜ்தியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அடுப்படி சன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேஜருக்கு எங்கள் பேச்சு அரைகுறை. வஜ்தி இப்போது எதைச் சொன்னாலும் அதுதான் மேஜர் கேட்டதாக ஆகும். சொல்லித் தொலையேன்டா என் பெயரை! அவன் சன்னலைப் பார்த்தான். மேஜரைப் பார்த்தான். பிறகு, அந்த உத்தமன், மேஜரிடம் உள்ளபடி கேட்டு, அவர் சொன்னதை உள்ளபடியே திருப்பிச் சொன்னான்.

"பீப்பாய் வரைக்கும் வழி விடணுமாம்."

வாப்பா விட்ட நிம்மதி மூச்சு எனக்கே கேட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்கவும் முடியாது. போய்விட்டு வரட்டும், டிராக்டரை எடுங்கள் என்று சுவர்க்காரர்களிடம் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷம் இந்த மக்குக்காகவா காத்திருந்தேன்?

ஆனால் கோப்பை நிறைந்தது நிறைந்தபடியே இருந்தது.

"கேட்டது கிடைச்சாச்சே. இன்னும் ஏன் குடிக்கல?" என்றார் வாப்பா.

வஜ்தி வசமாக மாட்டிக்கொண்டான். வயிற்றுப்புண் என்று சொன்னால், இது காரியம் கேட்டு வைத்த கோப்பையே இல்லை என்றாகிவிடும், டிராக்டர் திரும்பி வந்துவிடும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். குனிந்து மேஜரின் காதில் எல்லாவற்றையும் சொன்னான். வழக்கம், சர்பத், நான். மேஜர் கோப்பையைப் பார்த்தார். புகையிலைப் பிசின் ஏறிக் கறுத்து, கம்பியைப் பற்றியிருந்த என் விரல்களைப் பார்த்தார். பிறகு வஜ்தியைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஒன்றரை வருஷத்தில் பொறுக்கிச் சேர்த்த எங்கள் மொழியில் தானே பேசினார்.

"இன்னும் ஒண்ணு வேணும். பொண்ணு. இவனுக்கு."

சுவர்க்காரர்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு வரமா என்று முணுமுணுத்தார். அவர் கண் மேஜரின் சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. மருந்து பாட்டிலின் கழுத்து வெளியே தெரிந்தது. என் உம்மா கடைசி வருஷத்தில் குடித்த அதே மருந்து. வாப்பாதான் ஊற்றிக் கொடுப்பார். மெல்லச் சன்னல் பக்கம் திரும்பினார்.

"ரபாப், இவரு குடிக்க மாட்டாருன்னு தெரிஞ்சுதானே காபி போட்ட?"

நான் கம்பியை விட்டுவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சரி. முழுசா குடிச்சார்னா தரேன். நீ என்னம்மா சொல்ற?"

"காபி ஆறுது வாப்பா. குடிக்கச் சொல்லுங்க."

மேஜருக்கு அது புரிந்துவிட்டது. கோப்பையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அடியில் கிடந்த கசடு வரைக்கும் குடித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. உடனே மருந்து பாட்டிலைத் திறந்து பாதியைக் கவிழ்த்துக்கொண்டார்.

வாப்பா வெறுங்கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இன்னொரு கோப்பை.

நானே கொண்டுபோய் வஜ்தியின் கையில் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. கீழே வைத்தால் என்ன வேண்டும் என்று வாப்பா மறுபடியும் ஆரம்பித்துவிடுவாரோ என்று அவனுக்குப் பயம். நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.