அளத்து மோட்டார்த் தண்ணீர்

அந்தோணிராஜின் இட்லித் தட்டில் அடுப்படிக் கூரையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. வீடு கட்டி இரண்டு வருடம்கூட முடியவில்லை. சுண்ணாம்பு என்று நினைத்து அவன் மனைவி சகாயசெல்வி தட்டை மாற்றப் போனாள். அவன் அந்தத் தூளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தான். காங்கிரீட் பிளந்து, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது.

வீடு கட்டிய 2004 கோடையில் நல்ல தண்ணீர் லாரிக்கு ஊரே தவம் கிடந்தது. பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டாரின் சாவி அந்தோணிராஜிடம் இருந்தது. முதலாளிக்குத் தெரியாமல் தன் மனைக்குப் பைப் இழுத்துவிட்டான். கலவைக்கும் அதே தண்ணீர், கூரை நனைக்கவும் அதே தண்ணீர். "சிமென்ட் புடிச்சிக்கும்பா, ஒண்ணும் ஆவாது" என்றார் கான்ட்ராக்டர் சிவப்பிரகாசம். அளத்தில் கடப்பாரை துருவேறிப் போவதை அன்றாடம் பார்க்கிறவன்தான் இந்தக் காரியத்தைச் செய்தான். சும்மா கிடைக்கிறது என்றால் நமக்கெல்லாம் புத்தி கொஞ்சம் மழுங்கித்தான் போகிறது.

சிவப்பிரகாசம் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"அக்ரிமென்ட் ஏதாவது போட்டமா? தண்ணி நீ குடுத்தது. வேணும்னா இன்சூரன்ஸ்ல சுனாமின்னு எழுதிக் குடு."

வங்கிக் கடனோடு வந்த பாலிசி ஒன்று இருந்தது. அதில் அப்படியே எழுதிக் கொடுத்தான். பார்க்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க தெருவுக்கு சுனாமி வரவே இல்லையே சார். இந்த பாலிசி தீ, புயல், வெள்ளத்துக்கு. கட்டும்போதே உண்டான குறைக்கு இதுல கிடையாது."

திண்டிவனம் வக்கீல் சக்கரபாணிதான் ஒரு வழி சொன்னார்.

"நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம். உப்புத் தண்ணின்னு தெரிஞ்சும் கலந்தது தொழில் தெரிஞ்சவர் தப்பு. அக்ரிமென்ட் இல்லன்னு தப்பிச்சிட முடியாது. குறை தெரிஞ்ச ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க தப்புக்கும் சேத்து நஷ்டஈடு குறையலாம்."

கையெழுத்துப் போட்டால் முதலாளிக்குத் தெரியும், வேலை போகும். வேலை போனால் தவணை நிற்கும், வீடும் போகும். போடாவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்க வேண்டும். வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவை பீரோவில் வைத்துப் பூட்டினான். மகள் பிரியதர்ஷினியின் பாயைப் படுக்கையறையிலிருந்து, இன்னும் விரிசல் விடாத கூடத்துக்கு மாற்றினான்.

"எத்தினி நாளைக்குங்க இப்படி?" என்றாள் சகாயசெல்வி. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அளத்துக்குக் கிளம்பினான்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் அளத்து டீக்கடையில், உடன் வேலை செய்யும் கமலாம்பாள் அவனைத் தேடி வந்தாள்.

"ஏம்பா அந்தோணி, எங்க வீட்டுக்கு நாளைக்கி காங்கிரீட் போடறாங்க. உன் வீட்டுக்கு வுட்ட மாதிரி ஒரு பைப் இழுத்து வுடேன். சிவப்பிரகாசம் மேஸ்திரிதான் உன்னக் கேக்கச் சொன்னாரு."

பெஞ்சில் சிவப்பிரகாசம் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தோணிராஜ் வாயைத் திறக்க மாட்டான் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மோட்டார் ரிப்பேர் என்று ஒரு பொய் சொன்னால் அவன் வேலை பிழைக்கும். ஆனால் இந்த ஆள் பக்கத்து அளத்தில் தண்ணீர் பிடித்து அவள் கூரையைப் போட்டுவிடுவார். அந்தோணிராஜ் கமலாம்பாளிடம் திரும்பினான்.

"அந்தத் தண்ணி வேணாம்க்கா. என் வீட்டுக் கூரை கொட்டுது. முதலாளிக்குத் தெரியாம நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். இவரு தெரிஞ்சேதான் கலந்தாரு."

"டேய், உன் வேலை போயிடும்டா!" என்று எழுந்தார் சிவப்பிரகாசம்.

கமலாம்பாள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா அந்தக் கூரைக்குக் கீழ புள்ளய வெச்சிருந்தியா?"

அவன் தலை தொங்கிப்போயிற்று. நேராக முதலாளி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவர் மோட்டார் சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மறுநாள் திண்டிவனத்தில் மனுவில் கையெழுத்துப் போட்டான்.

"கேஸ் எத்தினி வருஷம் இழுக்கும்னு சொல்ல முடியாதுங்க. ஜெயிப்போம்னும் இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார் வக்கீல்.

"இழுக்கட்டும் சார்" என்றான் அந்தோணிராஜ். "வீடு கட்டறவங்க எல்லாரும் எந்தத் தண்ணி, எந்தக் கம்பின்னு பேப்பர்ல எழுதி வாங்கிக்கணும். குறை தெரிஞ்சா அன்னிக்கே வெளிய சொல்லிடணும். நான் வேலைக்குப் பயந்து வாய மூடிக்கினு இருந்தேன். இன்னும் ஒரு நாள் மூடியிருந்தா கமலாம்பாக்கா கூரையும் அதே தண்ணியில கட்டியிருப்பாங்க."